14422: பழைய போன் வாங்கும் முன் ஒரு எஸ்.எம்.எஸ்.

பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலோ மெஜஸ்டிக் பக்கம் நேஷனல் மார்க்கெட்டிலோ பழைய போன் வாங்கப் போகிறவர்கள் டிஸ்ப்ளேயில் கீறல் இருக்கிறதா, பேட்டரி எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ.யைச் சரிபார்ப்பவர் குறைவு. தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி சேவையில் அதற்கு இலவச வசதி இருக்கிறது.

வாங்கப்போகும் போனில் *#06# போட்டால் எண் வரும். இரண்டு சிம் போனில் இரண்டு எண் இருக்கும். இரண்டையும் சோதிக்க வேண்டும். உங்கள் போனிலிருந்து கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்து, ஓர் இடைவெளி, பிறகு 15 இலக்க எண் என்று அடித்து 14422-க்கு அனுப்புங்கள். சஞ்சார் சாத்தி தளத்திலும் பார்க்கலாம், ஆனால் ஓ.டி.பி. கேட்கும். கடை வாசலில் நிற்கும்போது எஸ்.எம்.எஸ்.தான் சுலபம்.

பிளாக்லிஸ்டட், டூப்ளிகேட், ஆல்ரெடி இன் யூஸ் என்று எது வந்தாலும் வாங்காதீர்கள். சரி என்று வந்தாலும் அவசரப்படாமல் பதிலில் உள்ள மாடல் பெயரைப் படியுங்கள். ஐ.எம்.இ.ஐ.யின் முதல் 8 இலக்கம் மாடலைக் குறிக்கும். அடுத்த 6 அந்த ஒரு போனுக்கானது, கடைசி ஒன்று சரிபார்ப்பு இலக்கம். கையில் சாம்சங் இருக்க, பதிலில் வேறு கம்பெனி வந்தால் எண்ணில் யாரோ கைவைத்திருக்கிறார்கள். 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி அதற்கு 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

இந்தச் சோதனையின் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. இன்றைய நிலையைத்தான் அது சொல்லும். விற்றவரே நாளைக்கு 'தொலைந்துவிட்டது' என்று புகார் கொடுத்து பிளாக் செய்தால் உங்கள் போனில் சிக்னல் போய்விடும். அதனால் பழைய பில்லைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு ஐ.எம்.இ.ஐ.யும், தேதியும், விற்பவர் கையெழுத்தும் உள்ள ஒரு தாள் கட்டாயம் வேண்டும். 'பில் எல்லாம் எதுக்கு சார்' என்கிற கடையில் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். ஐபோன் என்றால் பழைய ஆப்பிள் ஐடி நீக்கப்பட்டதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். 14422 அதைச் சொல்லாது.

தொலைந்த போனை சஞ்சார் சாத்தியில் பிளாக் செய்யும் வசதி நன்றாகவே வேலை செய்கிறது, வரிசை தப்பாமல் போனால். முதலில் போலீஸ் புகார், அடுத்து அதே நம்பரில் டூப்ளிகேட் சிம், அதற்குப் பிறகுதான் தளம். சிம் வாங்காமல் தளத்துக்குப் போனால் ஓ.டி.பி. எங்கே வரும்? பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். விண்ணப்பித்த 24 மணி நேரத்துக்குள் எல்லா இந்திய நெட்வொர்க்கிலும் போன் பிளாக் ஆகிவிடும். சிம்மை மாற்றினாலும் டவருக்கு ஐ.எம்.இ.ஐ. போய்க்கொண்டே இருப்பதால்தான் இது முடிகிறது. ஆனால் வைஃபையில் போன் ஓடும், பாகமாகப் பிரித்தும் விற்கலாம். விண்ணப்பித்ததும் வரும் ரிக்வெஸ்ட் ஐடியைப் பத்திரமாக வையுங்கள். போன் கிடைத்தால் பிளாக்கை எடுக்க அதுதான் சாவி.

சேவைக்கு நாலு ஸ்டார். சஞ்சார் சாத்தி ஆப்புக்கு இரண்டுதான், ஆண்ட்ராய்டில் கால், எஸ்.எம்.எஸ். அனுமதியெல்லாம் கேட்கிறது. புதுப் போன்களில் அந்த ஆப் கட்டாயம் என்று 2025 நவம்பரில் வந்த உத்தரவு, எதிர்ப்பு கிளம்பியதும் டிசம்பர் 3 அன்று வாபஸ் ஆனது. மேலே சொன்ன எதற்கும் ஆப் தேவையில்லை.

ஆண்ட்ராய்டு 10 முதல் சாதாரண ஆப்களால் ஐ.எம்.இ.ஐ.யைப் படிக்க முடியாது. விளம்பரக்காரர்கள் நம்மைப் பின்தொடர்வது அட்வர்டைசிங் ஐடியை வைத்து. செட்டிங்ஸில் கூகுள், அதற்குள் ஆட்ஸ் போய் அதை டெலீட் செய்துவிடலாம். ஐ.எம்.இ.ஐ.யை அப்படி அழிக்க வழியில்லை. அப்படியிருக்க, விற்பனை விளம்பரத்தில் *#06# திரையை அப்படியே படம் பிடித்துப் போடுகிறார்கள். அந்த எண்ணை வேறு போனில் ஏற்றி குளோன் செய்கிறவனுக்கு வேறென்ன வேண்டும்? கடைசி 7 இலக்கத்தை மறைத்துப் போடுங்கள், வாங்க வருகிறவர் நேரில் பார்த்துக்கொள்ளட்டும்.