நாய் எண்டா உயிர், நாய் எண்டா பயம்

எங்கட வன்னியில வயல் காவலுக்கு இரவில கொட்டிலில படுக்கிறவைக்கு நாய் எண்டா உயிர், பண்டி வந்தாலும் யானை வந்தாலும் முதல்ல குலைக்கிறது அதுதானே, 2009 இடப்பெயர்வில விட்டிட்டு வந்த நாயை நினைச்சு இண்டைக்கும் அழுற ஆக்களை எனக்குத் தெரியும். மற்றப் பக்கம் என்ர அம்மம்மா, சின்னனில விசர்நாய் கடிச்சு ஊசி போட்டவ, நாய் நிக்கிற வீட்டுப் படலையே திறக்க மாட்டா. அவவில பிழையே இல்லை, விசர் வெளியில தெரிஞ்சிட்டா பிறகு ஆள் தப்புறது மிச்சம் அரிது.

2019 இல சுவீடனில 35,035 இரட்டையர் சோடிகளை வச்சுச் செய்த ஆய்வில, நாய் வளர்க்கிறதில ஆளுக்காள் இருக்கிற வித்தியாசத்தில பாதிக்கு மேல மரபணுவால எண்டு வந்தது. நான் நாய்ப் பக்கம்தான், ஆனா அம்மம்மா வரேக்க கட்டித்தான் வைப்பன்.