ஹாபிவிங் 1080: பாறை வண்டிக்குச் சரியான ஈஎஸ்சி

ரிமோட்டில் ஓட்டும் பொம்மை வண்டியில் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவிதான் ஈஎஸ்சி. பிரஷ் மோட்டார் போட்ட கிராலருக்கு (பாறையில் மெல்ல ஏறும் வண்டி) இந்த விலையில் இதைவிட நல்லது கிடைப்பது கஷ்டம். 2 அல்லது 3 செல் லிப்போ பேட்டரி, 80 ஆம்ப். புரோகிராம் கார்டு (செட்டிங் மாற்றும் சின்னக் கருவி) கூடவே வருவது பெரிய சௌகரியம்.

முதலில் திராட்டில் கேலிபரேஷன், அதாவது ரிமோட்டின் வேக விசையை ஈஎஸ்சிக்கு அறிமுகப்படுத்துவது. ரிமோட்டில் டிரிம் (விசையின் நடுநிலையைச் சரிசெய்வது) பூஜ்யத்தில் இருக்கட்டும்; இல்லாவிட்டால் கையை எடுத்த பிறகும் வண்டி மெல்ல ஊரும். அடுத்து ரன்னிங் மோடை முன்–பின் என்று மாற்றுங்கள். பிரேக் உள்ள மோடில் ரிவர்ஸுக்கு இரண்டு தரம் தட்ட வேண்டும், அதற்குள் வண்டி கவிழ்ந்துவிடும்.

டிராக் பிரேக்தான் (விசையை விட்டதும் தானாகப் பிடிக்கும் பிரேக்) உயிர். குன்றக்குடிப் பக்கத்துப் பாறைச் சரிவில் முழு அளவில் வைத்தால் அப்படியே நிற்கும். காரைக்குடிச் செம்மண் தரையில் வேகமாக ஓட்டினால் குறையுங்கள். திராட்டிலை விட்டதும் சக்கரம் பூட்டிக்கொண்டு குப்புற விழும், கியரும் தேயும்.

கட்ஆஃப் (பேட்டரி இறங்கியதும் ஈஎஸ்சி மோட்டாரைக் கட்டுப்படுத்தும் அளவு) செல்லுக்கு 3.2 வோல்ட் போதும். பெரிய சர்வோவுக்கு (ஸ்டியரிங்கைத் திருப்பும் மோட்டார்) தனி பெக் (BEC, அதற்கு மின்சாரம் தரும் சுற்று) போடுங்கள், இல்லையென்றால் ஸ்டியரிங் முறுக்கும்போது ரிசீவர் அணைந்துவிடும். சித்திரை வெயிலில் மோட்டார் சூடாகிறதா என்றும் தொட்டுப் பாருங்கள்.