மான் கடக்கட்டும் என்று நின்றால் எஞ்சினும் நின்றது: ஒன்பது வருட அனுபவம்

திருகோணமலைப் பக்கம் சாம்பல்தீவில் இருக்கும் மச்சான் போன கிழமை போன் எடுத்தான். என்னிடம் உள்ள அதே மொடல் மோட்டார் சைக்கிள், 2015ஆம் ஆண்டுப் பதிவு, விலைக்கு வந்திருக்கிறதாம். "ஒன்பது வருஷமா ஓடுறாய். எடுக்கலாமா, வேண்டாமா? ஒரு சொல்லில் சொல்லு" என்றான். ஒரு சொல்லில் முடியவில்லை. போனில் அரை மணி நேரம் கத்தியும் முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

வண்டியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஊரில் பாதிப் பேர் அதைத்தான் வைத்திருக்கிறார்கள், சண்டைக்கு வருவார்கள். இந்தியத் தயாரிப்பு, 150 சிசி, காபரேட்டர் (பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) வைத்த வண்டி. மற்றது உங்களுக்கே தெரியும். 2016இல் புதிதாக எடுத்தேன். உவர்மலையில் வீடு, கிண்ணியாவில் வேலை. போக வர நாற்பது கிலோமீற்றருக்குக் கிட்ட. மீற்றர் 78,000ஐத் தாண்டிவிட்டது.

நல்லதை ஒளிக்கக் கூடாது. 2022இல் பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்றதே, கியூஆர் அட்டை வந்து மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று வைத்தார்களே, அப்போதுதான் இந்த வண்டியின் அருமை தெரிந்தது. லீற்றருக்கு 50 ஓடும். நாலு லீற்றருக்கு 200 கிலோமீற்றர். ஐந்து நாள் வேலைக்குக் கணக்காக வரும். சனி, ஞாயிறு கோயிலுக்கும் கடைக்கும் நடை. அலுவலகத்தில் கார் வைத்திருந்தவர்கள் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்ட ஒரே காலம் அது.

ஆனால் கரைச்சலுக்கு விதை விழுந்ததும் அதே வருடம்தான். கியூஆருக்கு முன்னால் ஐந்து கிழமை வண்டி முற்றத்தில் சும்மா நின்றது. பெற்றோல் தேங்கி நின்றால் லேசான பகுதி ஆவியாகிப் போகும், மிச்சம் பிசின் மாதிரிப் படியும். ரேஸ் கொடுக்காமல் எஞ்சின் மெதுவாக, ஸ்லோவில், ஓடும்போது பெற்றோல் போவது பைலட் ஜெட் என்ற சின்னப் பித்தளைத் துண்டின் வழியாக. அதன் ஓட்டை அரை மில்லிமீற்றர்கூட வராது. அதில் பிசின் படிந்தால் அவ்வளவுதான். ரேஸ் கொடுத்தால் பறக்கும், கையை எடுத்தால் நிற்கும். காற்றைக் குறைக்கும் சோக்கை இழுத்தால் மட்டும் முனகிக்கொண்டு ஓடும். ஊரில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணன் காபரேட்டரைக் கழற்றி, ஜெட்டைக் கழுவி, காற்றடித்துப் பூட்டினார். கம்பி விட்டுக் குடையவில்லை, அது முக்கியம். குடைந்தால் ஓட்டை பெருத்துவிடும். ஒரு மணி நேர வேலை. வண்டி பழையபடி ஆனது. அந்த வெற்றிதான் பிறகு எங்கள் எல்லாருடைய கண்ணையும் கட்டியது.

போன வருடம் கச்சான் காற்றுக் காலத்தில் மறுபடி தொடங்கியது. வீட்டில் காலையில் எந்தக் குறையும் இல்லை. உவர்மலை இறக்கத்தில் ரேஸை விட்டு இறங்கி, கீழே சந்தியில் பிரேக் பிடித்தால் எஞ்சின் இல்லை. பின்னேரம் கோட்டைப் பக்கத்து மான்கள் வீதிக்கு வந்துவிடும். அவை நம்மை மதிப்பதில்லை, நாம்தான் நிற்க வேண்டும். மான் நடுவீதியில் நின்று என்னைப் பார்க்கும், நான் ஸ்டார்ட்டரை அமத்திக்கொண்டிருப்பேன், பின்னால் முச்சக்கரவண்டி ஹோர்ன் அடிக்கும். ஒரு நாள், இரண்டு நாள் என்றால் சிரிக்கலாம். ஏழு மாதம்.

அண்ணனிடம் போனேன். "போன முறை மாதிரித்தான், ஜெட் அடைத்திருக்கும்" என்றார். நானும் அதையேதான் நினைத்தேன். கழுவினார், பிளக்கும் புதிதாகப் போட்டார். நாலு நாள் பரவாயில்லை, ஐந்தாம் நாள் மான்.

இரண்டாவது கராஜ் பட்டினத்துக்குள். அங்கே இருந்த பெடியன் ஒன்றையும் கழற்றவில்லை. ஸ்லோ வேகத்தை வைக்கும் ஐட்லிங் ஸ்குரூவைத் திருகி, நிமிடத்துக்கு 1,400 சுற்றில் ஓட வேண்டியதை 2,000க்கு ஏற்றிவிட்டான். "இப்ப நிக்காது அண்ணே." உண்மைதான், நிற்கவில்லை. முதல் கியர் போட்டால் வண்டி ஆட்டுக்கடா மாதிரி முட்டிப் பாய்ந்தது. 50 ஓடியது 42க்கு இறங்கியது. இலங்கையில் எந்த ஸ்லோ பிரச்சினையைக் கொண்டுபோனாலும் முதலில் அந்த ஸ்குரூவில்தான் கை வைப்பார்கள். காய்ச்சல்காரனின் தேர்மோமீற்றரைத் தண்ணீருக்குள் வைத்துக் காய்ச்சல் போய்விட்டது என்று சொல்வது மாதிரி. எனக்கு இன்னும் அந்தக் கோபம் ஆறவில்லை.

மூன்றாவது ஆள் நேர்மையானவர். வால்வு இடைவெளியை அளந்து பார்த்தார். ஒன்று இறுகித்தான் இருந்தது. இறுகிய வால்வு சூட்டில் சரியாக மூடாது, அதனாலும் சூடான எஞ்சின் ஸ்லோவில் ஓடாது. சரி செய்தார். காலைச் சத்தம் அழகாக வந்தது. மாலையில் மான்.

இடையில் வேலை இடத்தில் ஒருவர் டாங்கி மூடியைச் சந்தேகப்பட்டார். மூடியில் காற்றுத் துளை அடைத்தால் உள்ளே வெறுமை உண்டாகி பெற்றோல் இறங்காது என்றார். சரிதான், ஆனால் அப்படியென்றால் ஓடிக்கொண்டிருக்கும்போதும் இழுவை விடும். என் வண்டி கிண்ணியாப் பாலத்தின் 396 மீற்றரையும் கடல்காற்றுக்குள் முறுக்கிக்கொண்டு கடக்கும், நிறுத்தினால்தான் சாகும். இருந்தும் ஒரு தடவை நின்றதும் மூடியைத் திறந்து பார்த்தேன். உஸ் என்ற சத்தம் இல்லை. மனத்திருப்திக்காக.

கடைசியில் கிண்ணியாவில், அலுவலகத்துக்குப் பக்கத்தில் வள்ளத்து எஞ்சின் திருத்தும் ஒரு நானா (முஸ்லிம் அண்ணன்). மோட்டார் சைக்கிள் அவருக்குப் பக்கத் தொழில். அவர் ஸ்குரூவைத் தொடவேயில்லை. "ஸ்டார்ட் பண்ணுங்க தம்பி, ஒரு ரேஸ் குடுத்துக் கைய விடுங்க" என்றார். விட்டேன். எஞ்சின் சுற்றைக் காட்டும் மீற்றர் முள் உடனே இறங்கவில்லை. 2,500இல் கொஞ்ச நேரம் தொங்கி, அப்புறம் பொத்தென்று விழுந்து நின்றது. "எங்கேயோ காத்து எடுக்குது" என்றார். ஏழு மாதமாக நான் தினமும் பார்த்த அதே முள். பார்த்தேனே தவிர யோசிக்கவில்லை.

பிறகு மெல்லிய குழாய் வைத்த காபரேட்டர் கிளீனர் டின்னை எடுத்து, காபரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையில் இருக்கும் றப்பர்க் கழுத்தின் அடிப்பக்கம் ஒரு சொட்டு அடித்தார். எஞ்சின் சத்தம் சட்டென்று ஏறியது. வெடிப்பு அங்கேதான். வெளிக்காற்று உள்ளே போனால் கலவையில் பெற்றோல் குறையும். ரேஸ் கொடுக்கும்போது அந்தக் கொஞ்சக் காற்று கணக்கில்லை, ஸ்லோவில் அதுவே எமன். சூட்டில் றப்பர் இளகினால் வெடிப்பு விரியும், அதனால்தான் காலையில் நல்ல பிள்ளை. (வீட்டில் செய்து பார்ப்பவர்கள் கவனம்: அந்த ஸ்பிரே நெருப்புப் பிடிக்கும். சூடான சைலன்சரில் படக் கூடாது. சவர்க்காரத் தண்ணீர் அடித்தாலும் சத்தம் மாறும்.)

கழற்றி வளைத்துக் காட்டினார். மேலே பார்த்தால் புத்தம்புதிது, வளைத்தால் அடியில் நகம் நீளத்துக்கு வாய் திறக்கிறது. இந்த றப்பரை அதற்கு முன் இரண்டு பேர் கழற்றியிருக்கிறார்கள். மூன்றாவது ஆள் நான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே காபரேட்டரைக் கழற்றி, இதே றப்பரைத் துணியால் துடைத்து, பளபளப்பாக்கித் திரும்பப் பூட்டியிருக்கிறேன். வளைத்துப் பார்க்கவில்லை.

புது றப்பர் 1,800 ரூபா. அதற்கு முன் செலவழித்தது 14,000க்கு மேல். நானா ஐட்லிங்கைத் திரும்ப 1,400க்கு இறக்கினார், கூலி வாங்க மறுத்தார், வற்புறுத்தியதில் ஒரு பிளேன்டீ குடித்தார்.

வண்டியைச் செய்தவர்கள் மீதும் கோபம்தான். சேவிஸ் புத்தகத்தில் பிளக், ஃபில்டர், ஒயில், எல்லாவற்றுக்கும் கிலோமீற்றர் போட்டிருக்கிறது. இந்த றப்பரைப் பற்றி ஒரு வரி இல்லை. நம்முடைய உப்புக்காற்றும் வெயிலும் அவர்களுக்குத் தெரியாதா? டாங்கியின் அடிக்கும் சைலன்சருக்கும் வந்த கறளை நான் குறை சொல்லவில்லை, கடற்கரையில் இருந்துகொண்டு அதை எதிர்பார்க்காமல் முடியாது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு றப்பர்!

மச்சானுக்குச் சொன்னது இதுதான்: வாங்காதே. 50 ஓடும், முதுகு நோகாது, சாமான் எங்கேயும் கிடைக்கும், 78,000க்குப் பிறகும் எஞ்சினைத் திறக்கவில்லை. இருந்தாலும் வாங்காதே. 2020இல் இறக்குமதியை நிறுத்தியபின் ஏறிய விலை, 2025இல் திறந்துவிட்ட பிறகும் சரியாக இறங்கவில்லை. நான் புதிதாக வாங்கியதைவிடக் கூட்டிக் கேட்கிறான் விற்பவன், பத்து வருடப் பழசுக்கு.

"அப்ப உன்ரைய எனக்குத் தா, பாதி விலைக்கு" என்றான்.

தர மாட்டேன் என்றேன். சரி, பார்க்கத்தான் போகிறான் என்று தெரியும். அதனால் இதையும் சொன்னேன்: சொல்லாமல் கொள்ளாமல் போ. விற்பவன் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் எஞ்சினில் கை வைத்துப் பார். சுட்டால் உனக்காக முதலே ஓட்டி வைத்திருக்கிறான். குளிரிலும் பார், அரை மணி நேரம் ஓடிய பிறகும் பார். ரேஸ் கொடுத்துக் கையை விட்டு முள் எப்படி இறங்குகிறது என்று பார். அது 1,400க்கு மேலே நின்றால் யாரோ ஸ்குரூவைத் திருகியிருக்கிறார்கள்.

நேற்றுப் பின்னேரம் கோட்டைவாசலில் மூன்று மான்கள். நின்றேன். எஞ்சின் டக் டக் டக் என்று ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் வலது கை தானாகவே ரேஸைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது, விட மறுக்கிறது.