டொமைன் மின்னஞ்சலுக்குப் ‘பாதுகாப்பு பேக்கேஜ்’ வாங்குவோர் கவனத்திற்கு

சொந்த டொமைனில் (நிறுவனத்தின் பெயரிலான இணைய முகவரியில்) மின்னஞ்சல் வைத்திருக்கும் சிறு நிறுவனங்களிடம் ‘மின்னஞ்சல் பாதுகாப்பு பேக்கேஜ்’ என்ற பெயரில் விற்கப்படும் சேவையால் நாங்கள் ஏமாற்றப்பட்ட விதத்தை இங்கே எழுதுகிறேன். திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் எங்கள் அலுவலகத்திலிருந்து வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குப் போகும் இன்வாய்ஸ்கள் ஸ்பாமில் விழுந்துகொண்டிருந்த நேரத்தில், எங்கள் இணையதளத்தைப் பராமரிக்கும் முகவர், 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த கூகுளின் புதிய விதிகளைக் காட்டி, ஆண்டுக்கு 6,000 ரூபாய் கட்டணம் கேட்டார். எஸ்பிஎஃப் என்பது ஒரு டொமைனின் பெயரில் எந்தெந்த சர்வர்கள் மின்னஞ்சல் அனுப்பலாம் என்ற பட்டியல்; டிகிம் என்பது மின்னஞ்சலில் இடப்படும் டிஜிட்டல் கையொப்பம்; டிமார்க் என்பது இவற்றில் ஒன்றாவது அனுப்புநரின் டொமைனோடு பொருந்துகிறதா என்று பார்த்து, பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்று சொல்வது. இம்மூன்றும் கட்டாயம் என்ற அந்த விதி ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 மின்னஞ்சல்களுக்கு மேல் அனுப்புவோருக்கானது என்பதையும், மற்றவர்களுக்கு எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்று போதும் என்பதையும் அவர் சொல்லவில்லை.

முதலில் அவர் செய்தது, டிஎன்எஸ்ஸில், அதாவது டொமைனின் பொதுப் பதிவேட்டில், ஏற்கெனவே இருந்த எஸ்பிஎஃப் ரெக்கார்டை (அந்தப் பட்டியலைத் தாங்கும் வரியை) அப்படியே விட்டுவிட்டு, அதன் பக்கத்திலேயே இன்னொன்றைச் சேர்த்தது. ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் ரெக்கார்டுதான் இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் பெறும் சர்வர் எதையும் ஏற்காமல் பிழை என்று முடிவு செய்துவிடும். அதனால் முன்பு இன்பாக்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தவையும் ஸ்பாமுக்குப் போகத் தொடங்கின.

புகார் சொன்னதும் அவர் இரண்டையும் ஒன்றாக்கி, மூன்று வரிகளிலும் ‘பாஸ்’ என்று காட்டும் ஜிமெயில் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பி வைத்தார். உண்மையான மோசடி இங்கேதான் இருக்கிறது. அவர் எழுதிய ரெக்கார்டின் கடைசியில் ‘ஆல்’ (all) என்ற சொல்லுக்கு முன் கழித்தல் குறியோ அலைக்குறியோ இருக்க வேண்டிய இடத்தில் கூட்டல் குறி இருந்தது. உலகில் எந்த சர்வரும் எங்கள் பெயரில் அனுப்பலாம் என்பதே அதன் பொருள். வீட்டுக்குப் பூட்டு போடச் சொன்னால் கதவையே கழற்றி வைத்தாற்போல. அப்படி எழுதினால் யார் அனுப்பினாலும் எஸ்பிஎஃப் பாஸ் ஆகும். போலி மின்னஞ்சல் எங்கள் டொமைனையே அனுப்புநர் முகவரியாக வைத்து வந்தால், எஸ்பிஎஃப் வழியாக டிமார்க்கும் பாஸ் ஆகிவிடும். வங்கிக் கணக்கு எண்ணை மாற்றிப் போலி இன்வாய்ஸ் அனுப்பும் கும்பலுக்கு இதைவிட வசதி வேறு என்ன வேண்டும்?

டிகிமும் உண்மையில் அமைக்கப்படவில்லை. ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, ‘பாஸ்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருந்தது எங்கள் டொமைன் அல்ல, எங்கள் மின்னஞ்சலை இயக்கும் கூகுள் தானாகவே இடும் பொதுக் கையொப்பத்தின் டொமைன். டிமார்க் அறிக்கைகள் வந்து சேரும் முகவரியும் அவருடையதாகவே இருந்ததால், எங்கள் பெயரை யார் பயன்படுத்துகிறார்கள் என்பது எங்களுக்குத் தெரிய வழியே இல்லை.

பிறகு அலுவலகத்தில் கணக்கு பார்க்கும் தம்பி, எங்கள் மின்னஞ்சல் சேவையான கூகுள் ஒர்க்ஸ்பேஸின் நிர்வாகப் பக்கத்தில் 2048 பிட் டிகிம் சாவியை உருவாக்கி, அதை டிஎன்எஸ்ஸில் சேர்த்து, எஸ்பிஎஃப்பைத் திருத்தி முடித்தார். இதற்குத் தனிக் கட்டணம் எதுவும் இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, ‘பாஸ் காட்டியதே, சார்’ என்பதுதான் முகவரின் பதில்.

இத்தகைய பேக்கேஜை உங்களிடம் யாராவது விற்க வந்தால், டிஎன்எஸ்ஸில் சேர்க்கப்போகும் வரிகளை முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். டொமைன் கணக்கின் பாஸ்வேர்டு உங்கள் கையில் இருக்கிறதா என்பதையும் பணம் கொடுக்கும் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள்.