டெக்கா, டிவிடியா: எங்கள் வீட்டில் எது தங்கியது

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பரணில் இருப்பதையெல்லாம் கீழே இறக்குவது எங்கள் வீட்டு வழக்கம். கொருக்குப்பேட்டையில் இருக்கும் எங்கள் வீட்டுக் கூடத்தில் இந்த முறை வந்து இறங்கியவை: நைனா 1990-ல் பர்மா பஜாரில் வாங்கிய வீடியோ டெக், 14 கேசட்டுகள், ஒரு டிவிடி பிளேயர், அட்டைப்பெட்டி நிறைய விசிடியும் டிவிடியும். "எல்லாத்தையும் காயலான் கடைக்குப் போட்டுடலாம்" என்றார் வீட்டுக்காரர். எனக்கு மனம் வரவில்லை. ஒரு மாதம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன், ரிப்பேர் கடைக்கு நடந்தேன். கடைசியில் டிவிடி பிளேயரும் கடையில் வாங்கிய ஒரிஜினல் டிவிடிகளும் வீட்டில் தங்கின. டெக் போய்விட்டது. இதே குழப்பத்தில் பரணைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்களுக்கு என் கணக்கு உதவலாம்.

படத்தின் தரத்தில் பேச அதிகம் இல்லை. விசிடியில் படம் 352-க்கு 288 புள்ளிகள். டிவிடியில் 720-க்கு 576, அதாவது நான்கு மடங்குக்கும் மேல். கேசட் ஏறக்குறைய விசிடி அளவுதான், அதோடு ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் கொஞ்சம் தேயும். இன்றைய பெரிய டிவியில் விசிடியைப் போட்டால் முகமெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. டிவிடி இன்னும் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி இருக்கிறது. ஒரே டிவிடியில் மூன்று படம் அடைத்து விற்றார்களே, அவற்றை இதில் சேர்க்க வேண்டாம். இடம் குறைந்ததால் படத்தை நசுக்கியிருப்பார்கள்.

விற்று எவ்வளவு வரும் என்ற கேள்வியையும் இங்கேயே முடித்துவிடலாம். காயலான் கடையில் எல்லாமே எடைக் கணக்கு. டெக் கனமாக இருப்பதால் பத்து இருபது ரூபாய் கூட வரும், அவ்வளவுதான். டிவிடிகளையும் நாங்கள் பெரிய விலை கொடுத்து வாங்கவில்லை. 2007 வாக்கில் மோசர் பேர் நிறுவனம் விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று இறக்கியபோதுதான் எங்கள் பக்கத்தில் பலருக்கு ஒரிஜினல் வாங்கும் எண்ணமே வந்தது. எங்கள் பெட்டியில் பாதி அந்த விலையில் வந்தவை.

என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. அதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் வடசென்னையில் இருப்பவர்களுக்கு இது மற்ற ஊர்க்காரர்களை விடப் பெரிய விஷயம். காசிமேட்டுப் பக்கமிருந்து வரும் உப்புக் காற்றில் ஜன்னல் கம்பி மூன்று வருடத்தில் செதில் செதிலாக உரிகிற ஊர் இது. இரும்புக்கே அந்தக் கதி என்றால் ரப்பரும் கிரீசும் மெல்லிய நாடாவும் என்ன பாடுபடும்?

கேசட்டுக்குள் இருப்பது அரை அங்குல அகலப் பிளாஸ்டிக் நாடா. மூன்று மணி நேரக் கேசட்டில் சுமார் 250 மீட்டர் சுற்றியிருக்கும். அதன் மேல் இரும்பு ஆக்சைடு பொடியை ஒரு பசையில் குழைத்துப் பூசியிருப்பார்கள். அந்தப் பசை ஈரத்தை உறிஞ்சும். வருடக்கணக்கில் உறிஞ்சினால் இளகி, ஓட்டும்போது பிசுபிசுவென்று டெக்கின் உள்ளே ஒட்டிக்கொள்ளும். நாடாவின் ஓரத்தில் பூஞ்சையும் பிடிக்கும். கேசட்டின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் சுருளின் மேல் வெள்ளைப் பஞ்சு மாதிரித் தெரிவது அதுதான். பூஞ்சை பிடித்த கேசட்டைத் தெரியாமல் போட்டுவிட்டால் அது டெக்கில் படத்தைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் போய்விடும். எங்கள் 14 கேசட்டில் 5-ல் அந்த வெள்ளை இருந்தது.

சரி, கேசட்டையாவது கவனமாக வைத்துக்கொள்ளலாம். டெக்கைக் காப்பாற்றுவது அதைவிடக் கஷ்டம். டெக்குக்குள் இருக்கும் உருளை நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றுகிறது. நாடா அதைத் தழுவிக்கொண்டு போகும்போது ஹெட் அதன் மேல் உரசிக்கொண்டே படிக்கிறது. நாடாவை இழுப்பது ஒரு ரப்பர் உருளை, உள்ளே சக்கரங்களைத் திருப்புவது ரப்பர் பெல்ட். ஓட்டாமலேயே வைத்திருந்தால் ரப்பர் இறுகும், இல்லையென்றால் இளகும். கிரீஸ் மெழுகு மாதிரி உறையும். சும்மா வைத்திருந்தால் கெடாது என்று நான் நினைத்திருந்தது தப்பு.

டெக்கைத் தூக்கிக்கொண்டு பழைய வண்ணாரப்பேட்டையில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அவர் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார்.

"பெல்ட்டு கூழா பூட்சி பாரும்மா. ஹெட்டு நல்லாத்தான் கீது. பெல்ட்டு எதையாச்சும் அட்ஜஸ் பண்ணிப் போட்டுடலாம். ஆனா இந்த இழுக்குற ரப்பர் உருளைக்கு நான் எங்க போவேன் சொல்லு?"

"புதுசு எங்கேயுமே கிடைக்காதாண்ணா?"

"கம்பெனிக்காரனே செய்யறது இல்லம்மா. இன்னொரு செத்த டெக்கு கெடச்சா அதுலேர்ந்து கழட்டலாம். அதுவும் இதே வயசுதான?"

அவர் சொன்னது உண்மை. கடைசிவரை விசிஆர், அதாவது வீடியோ டெக், செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமே 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. இன்று உலகத்தில் இருக்கும் டெக் எல்லாமே பழையதுதான். ஒன்றைப் பிழைக்க வைக்க இன்னொன்றைப் பிரிக்க வேண்டும். அவர் ஒரு பெல்ட்டை எப்படியோ பொருத்தி, ரப்பர் உருளையை ஸ்பிரிட் தொட்டுச் சுத்தம் செய்து, "பத்து கேசட்டு ஓடும், அதுக்கு மேல கேக்காத" என்று கொடுத்தார். ஹெட்டைப் பஞ்சு சுற்றிய குச்சியால் மேலும் கீழும் தேய்க்கக் கூடாது, பஞ்சு இழை மாட்டினால் ஹெட் உடைந்துவிடும் என்பதையும் அவரிடம்தான் கற்றுக்கொண்டேன்.

டிவிடி பிளேயரில் இந்த வேலை எதுவும் இல்லை. வட்டை எதுவும் தொடுவதில்லை. லேசர் ஒளி அடித்துத் திரும்புவதைத்தான் அது படிக்கிறது, அதனால் ஆயிரம் முறை போட்டாலும் வட்டு தேயாது. எங்கள் பிளேயர் 2009-ல் வாங்கியது. இத்தனை வருடத்தில் ஒரே ஒரு முறை லென்ஸ் மாற்றினேன், கூலியோடு சேர்த்து 450 ரூபாய். மற்றபடி தூசி விழாமல் ஒரு துணி போர்த்துவதோடு சரி. நாளைக்கு அது மொத்தமாகக் கெட்டுப் போனாலும் கம்ப்யூட்டரில் மாட்டும் டிரைவ் ஒன்று வாங்கினால் அதே வட்டுகள் ஓடும். டெக்குக்கு அப்படி ஒரு மாற்று வழியே கிடையாது. எனக்கு இந்த ஒரு வித்தியாசமே போதுமானதாக இருந்தது.

வட்டு எவ்வளவு தாங்கும் என்பதை நான் நம்பத் தொடங்கியது 2023 டிசம்பரில். மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். எண்ணூர்ப் பக்கம் எண்ணெயும் கலந்து வீடுகளுக்குள் போனது. எங்களுக்கு வந்தது வெறும் சாக்கடைத் தண்ணீர். கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டி இரண்டு நாள் அதில் ஊறியது. தண்ணீர் வடிந்த பிறகு வட்டுகளை உறையிலிருந்து உருவி, வாளியில் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி, மெல்லிய துணியால் நடுவிலிருந்து வெளியே நோக்கித் துடைத்துக் காய வைத்தேன். சுற்றிச் சுற்றித் துடைத்தால் விழுகிற கீறல் தடத்தோடு போகும், அதைப் பிளேயரால் சமாளிக்க முடியாது. 60 வட்டு இருக்கும். 4 தவிர எல்லாம் ஓடின. அந்த நான்கும் விசிடி. விசிடியில் படம் பதிந்திருக்கும் பூச்சு மேல்பக்கத்துப் பெயருக்கு நேர் கீழே இருக்கிறது. உறை ஈரத்தில் ஒட்டி, பிரிக்கும்போது பூச்சோடு உரிந்து வந்துவிட்டது. டிவிடியில் அது இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவில் இருப்பதால் தப்பித்தது. அதே பெட்டியில் இருந்த கேசட்டுகளில் மூன்றைத் திறந்தபோது உள்ளே சேறு. பூஞ்சை பிடித்த ஐந்தும் அன்று நனைந்தவைதான்.

ஆனால் டிவிடி என்று எழுதியிருப்பதெல்லாம் ஒன்றல்ல. இதில் எங்களுக்குப் பெரிய அடி விழுந்தது. அம்மா, நைனா கல்யாணக் கேசட்டை 2007-ல் ஒரு கடையில் கொடுத்து டிவிடியாக மாற்றினோம். "இனிமே கேசட்டு எதுக்கு, தூக்கிப் போடுங்க" என்றார் கடைக்காரர். ஒன்பது வருடம் கழித்து அந்த டிவிடியைப் போட்டால் மாப்பிள்ளை அழைப்போடு நின்றுவிட்டது. தாலி கட்டுவது வரவே இல்லை. கம்பெனியில் அச்சடித்த வட்டில் படம் பள்ளம் பள்ளமாக அழுத்தப்பட்டிருக்கிறது, அதன் மேல் அலுமினியப் பூச்சு. கடையில் எரித்துத் தரும் வட்டில் இருப்பது ஒரு சாயம். லேசர் அந்தச் சாயத்தைச் சுட்டு அடையாளம் போடுகிறது. வெயிலும் வெக்கையும் பட்டால் சாயம் மங்கும். அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாலே தெரிந்துவிடும்: அச்சு வட்டு வெள்ளியாக மின்னும், எரித்த டிவிடி பெரும்பாலும் ஊதா கலந்திருக்கும். உங்கள் வீட்டு விசேஷ வட்டுகள் ஊதாவாக இருந்தால் இந்த வாரமே கம்ப்யூட்டரில் போட்டு நகல் எடுத்துவிடுங்கள். தயவுசெய்து தள்ளிப் போடாதீர்கள்.

நல்லவேளை, நைனா கடைக்காரர் பேச்சைக் கேட்கவில்லை. கேசட்டைத் திரும்ப வாங்கி வந்து பீரோ மேல் நிமிர்த்தி வைத்திருந்தார். வெள்ளமும் அதைத் தொடவில்லை. 1988-ல் எடுத்த கேசட், அதன் நகலை விட நீடித்திருக்கிறது. டெக்கை வேண்டாம் என்று சொல்லும் நான் இதைச் சொல்லாமல் விட முடியாது.

மெக்கானிக் அண்ணன் கொடுத்த பத்து கேசட் கெடுவில் முதலில் அதைத்தான் போட்டேன். டெக்கின் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரை யுஎஸ்பி கேப்சர் கருவியில் சொருகி லேப்டாப்பில் பதிந்தேன். இதில் அவசரப்பட வழியில்லை. மூன்று மணி நேரக் கேசட்டுக்கு மூன்று மணி நேரம் ஆகும். நொடிக்கு 8 மெகாபிட் என்று வைத்ததில் ஒரு கேசட்டுக்கு 11 ஜிபி அளவில் வந்தது. படம் கொஞ்சம் நடுங்கியது, நிறம் செம்மண் மாதிரி. ஆனால் பந்தியில் ஆயா நின்றுகொண்டு, "இன்னும் ரெண்டு வைம்மா அந்தப் புள்ளைக்கு" என்று சொல்வது தெளிவாகக் கேட்டது. ஆயா போய் இருபது வருடம் ஆகிறது. அம்மா அந்த இடத்தை மட்டும் நான்கு முறை ஓட்டச் சொன்னார். வீட்டில் எடுத்த கேசட்டுகள் மொத்தம் ஏழு. நல்ல நிலையில் இருந்த ஆறையும் இரண்டு தனித்தனி ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, ஒன்றை மாதவரத்தில் இருக்கும் தம்பி வீட்டில் வைத்திருக்கிறேன். மீதி ஏழும் சினிமாக் கேசட். அவற்றில் சேறும் பூஞ்சையுமாக இருந்த மூன்றையும் பூஞ்சை மட்டும் பிடித்த ஒன்றையும் குப்பையில் போட்டோம். மற்ற மூன்றும் டிவிடியாகவே எங்களிடம் இருந்ததால் விட்டுவிட்டேன்.

அப்படியென்றால் டிவிடியையும் ஹார்ட் டிஸ்கில் ஏற்றிவிட்டு வட்டைத் தூக்கிப் போடலாமே, இல்லையென்றால் எல்லாமே ஆன்லைனில் இருக்கிறதே என்று தம்பி கேட்டான். ஆன்லைனில் ஒரு படம் இந்த மாதம் இருக்கும், உரிமைக் காலம் முடிந்தால் காணாமல் போகும். அம்மாவுக்குப் பிடித்த பழைய படங்களில் சில எதிலுமே அகப்படவில்லை. நெட் கட் ஆனால் அதுவும் இல்லை. அம்மாவுக்கு ரிமோட்டில் பத்துப் பொத்தான் அழுத்தித் தேடத் தெரியாது; வட்டை எடுத்துத் தட்டில் வைத்துத் தள்ளத் தெரியும். ஹார்ட் டிஸ்க் கீழே விழுந்தால் அதில் இருக்கும் எல்லாமே ஒரே நேரத்தில் போகும், வட்டு போனால் ஒரு படம் போகும். ப்ளூ-ரே எங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை, அதனால் அதைப் பற்றி நான் பேசவில்லை. டெக்கைப் பற்றிச் சொன்னதும் எங்கள் ஒரே டெக்கோடு பட்ட அனுபவம்தான். நல்ல கம்பெனி டெக்கை மாதம் ஒரு முறை ஓட்டிப் பத்திரமாக வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சில வருடம் ஓடலாம்.

டிவிடி பிளேயரை வைத்துக்கொள்பவர்கள் டிவி மாற்றும்போது மட்டும் கவனிக்க வேண்டும். புது டிவி பலவற்றில் மூன்று வண்ண ஒயர் சொருகும் ஓட்டையே இல்லை. சிலவற்றில் ஒரு சிறிய பின் வழியாக இணைப்பு ஒயர் போட வேண்டும். வாங்கும் முன் டிவியின் பின்பக்கத்தைப் பாருங்கள். எச்டிஎம்ஐ இருக்கும் பிளேயர் என்றால் பிரச்சினை இல்லை. வட்டுகளை நான் இப்போது பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துத் தனித்தனி டப்பாவில் நிமிர்த்தி வைத்து, செருப்பு டப்பாக்களில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேர்த்துப் போட்டிருக்கிறேன். பரணில் வெக்கை அதிகம் என்பதால் இடமும் பீரோவுக்கு மாறிவிட்டது.

டெக்கை மெக்கானிக் அண்ணனிடமே கொடுத்துவிட்டேன். ஹெட் நன்றாக இருப்பதால் இன்னொருவர் டெக்குக்கு ஆகும் என்றார். காசு வாங்கவில்லை. பதிவு எடுக்காத ஒரு வீட்டுக் கேசட் பாக்கி இருக்கிறது, என் காதுகுத்துக் கேசட். வெள்ளத்தில் நனைந்து ஓரமெல்லாம் பூஞ்சை. "இத்த உள்ள வுட்டா டெக்கே காலிம்மா, அப்புறம் பாக்கலாம்" என்று அவர் தொடவில்லை. நாடாவைக் கையால் சுத்தம் செய்து வேறு கூட்டில் மாற்றிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள் என்றும் சொன்னார், ஆள் விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை காகிதத்தில் சுற்றி, மற்ற கேசட்டுகளோடு சேராமல் தனியாக வைத்திருக்கிறேன்.