நீல ஒளிக்குக் குளோரைடா, குட்டிப் புள்ளியா?

சீசியம் லெட் (காரீயம்) புரோமைடு குவாண்டம் புள்ளி, அதாவது சில நானோமீட்டர் அளவே உள்ள ஒளிரும் குறைகடத்திப் படிகம், சாதாரணமாகப் பச்சையாகத்தான் ஒளிரும், அலைநீளம் 520 நானோமீட்டர் பக்கம். நீலமாக்க வழி இரண்டு.

குளோரைடு கலப்பது எளிது. விகிதத்தை மாற்றினால் நிறத்தை 460–480 நானோமீட்டர் வரை இழுத்து வரலாம். ஆனால் எல்.இ.டி.யாக்கி மின்சாரம் கொடுத்ததும் புரோமைடும் குளோரைடும் தனித்தனியே பிரியும். நீலம் பச்சைப் பக்கம் நகரும்.

புரோமைடை மட்டும் வைத்து, புள்ளியை 4 நானோமீட்டர் அளவுக்குச் சுருக்கினாலும் நீலம் வரும்; பிரிய எதுவுமில்லை. தொல்லை மேற்பரப்பில்தான். ஒலிக் அமிலம், ஒலைலமீன் போர்வை கழன்றால் புள்ளிகள் ஒட்டி வளர்ந்து பச்சையாகிவிடும். கழுவும்போதே இது நடக்கும். இறுகப் பிடிக்கும் லிகண்டு, அதாவது போர்வை மூலக்கூறு, தேவை.

இரண்டு பருவமழையும் பெறும் குமரி மாவட்டத்தில் ஈரம் இரண்டு வழிக்குமே பகை. நாகர்கோவில் கல்லூரி மாணவர் புராஜெக்டுக்குக் குளோரைடே போதும். சரி, நிறம் மாறாமல் எரிய வேண்டுமா? என் ஓட்டு குட்டிப் புள்ளிக்கு. நச்சான காரீயம் இரண்டிலும் உண்டு.