தேய்ந்தது சாவியா, பூட்டா? பழைய வண்டிக்கு எந்த வழி சரி

பதினைந்து, இருபது ஆண்டுகள் ஓடிய ஸ்பிளெண்டரோ மாருதி 800-ஓ வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். சாவி உள்ளே போகும், ஆனால் திரும்பாது. சற்று வெளியே இழுத்து, மேலும் கீழும் ஆட்டி, ஹேண்டிலையும் அசைத்துப் பிடித்தால்தான் வழிக்கு வரும். வீட்டில் ஒருவருக்கு மட்டும் அந்தக் கைப்பக்குவம் இருக்கும். வேறு யார் எடுத்தாலும் வண்டி வாசலைத் தாண்டாது. இன்னும் முற்றிவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும் வண்டியிலிருந்தே சாவியை உருவி எடுத்துவிடலாம்.

இதற்கு ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். எண்ணெய் விடச் சொல்கிறார் ஒருவர். டூப்ளிகேட் சாவி போடச் சொல்கிறார் இன்னொருவர். பூட்டைக் கழற்றி உள்ளே அராவிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். லாக் செட்டையே மாற்று, சாவியை விட்டுவிட்டு, அழுத்தினால் ஸ்டார்ட் ஆகும் பொத்தான் வை என்பவர்களும் உண்டு. இவற்றில் அராவுவதையும் பொத்தான் வைப்பதையும் நான் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன். மற்றவற்றில் எது பொருந்தும் என்பது, தேய்ந்திருப்பது சாவியா பூட்டா என்பதைப் பொறுத்தது. அதைப் பார்க்காமலேயே செலவு செய்வதால்தான் பலருக்கு ஒரே வேலை இரண்டு, மூன்று முறை வருகிறது.

பூட்டுக்குள் நடப்பது இதுதான். கூட்டுக்குள் ஓர் உருளை. அதன் குறுக்கே மெல்லிய பித்தளைத் தகடுகள் ஐந்தாறு, வண்டியைப் பொறுத்து அதற்கு மேலும், வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றையும் ஒரு சிறு ஸ்பிரிங் தள்ளிக்கொண்டே இருக்கும். சாவி இல்லாதபோது தகடுகளின் நுனி உருளைக்கு வெளியே நீட்டிக் கூட்டின் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும். சரியான சாவி நுழைந்தால் எல்லாத் தகடுகளும் உருளையின் விளிம்புக்குச் சமமாக அடங்கும், உருளை திரும்பும். சாவியில் ஒரு வெட்டின் ஆழத்துக்கும் அடுத்த அளவு ஆழத்துக்கும் உள்ள வேறுபாடு பல வண்டிகளில் சுமார் அரை மில்லிமீட்டர்தான். எனவே ஒரு மேடு கால் மில்லிமீட்டர் தேய்ந்தாலே அந்தத் தகடு முழுதாக அடங்காமல் இடறும். சாவியும் தகடும் மென்மையான உலோகம் என்பதால் இரண்டுமே ஒன்றையொன்று தேய்க்கின்றன.

எது தேய்ந்தது என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். வண்டி வாங்கியபோது இரண்டு சாவிகள் கொடுத்திருப்பார்கள். ஒன்று பீரோவில் கிடக்கும். அதை எடுத்துப் போட்டுப் பாருங்கள். அது தடையின்றித் திரும்பினால் பூட்டு நன்றாக இருக்கிறது, தேய்ந்தது தினசரிச் சாவி. இரண்டுமே இடறினால் பூட்டுக்குள் அழுக்கோ தேய்மானமோ இருக்கிறது. பழைய சாவி திரும்பி, பீரோச் சாவி திரும்பவில்லை என்றால், தகடுகள் பழைய சாவிக்கு ஏற்பத் தேய்ந்திருக்கின்றன, அல்லது முன்பே யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள்.

பூட்டின் மீது வீண்பழி விழும் இடங்களும் இரண்டு உண்டு. ஹேண்டில் லாக் போட்டிருக்கும்போது மட்டும் சாவி திரும்பவில்லை என்றால், அது தேய்மானம் அல்ல. லாக்கின் மீது பாரம் விழுந்திருக்கிறது. ஹேண்டிலை அல்லது ஸ்டீயரிங்கை லேசாக அசைத்துக்கொண்டே திருப்பினால் விட்டுவிடும். சாவி இலகுவாகத் திரும்பியும் விளக்கு எரியவில்லை, அல்லது போகிற போக்கில் அணைகிறது என்றால், கோளாறு பூட்டின் பின்னால் இருக்கும் மின் சுவிட்சில். பல வண்டிகளில் அதை மட்டும் தனியாகக் கழற்றி மாற்றலாம். அதற்காக முழு லாக் செட் வாங்க வேண்டியதில்லை.

எண்ணெய் விடுவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அழுக்கால் இடறும் பூட்டுக்கு அது உதவும்; தேய்மானத்துக்கு உதவாது. பலரும் கைக்கு எட்டிய தேங்காய் எண்ணெயை விடுகிறார்கள். அது சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும் என்பதால் உதகையிலோ கொடைக்கானலிலோ விடியற்காலையில் தகடுகளை அதுவே பிடித்துக்கொள்ளும். சமவெளியில் உறையாவிட்டாலும் புழுதியைச் சேர்த்துப் பிசினாக்கும். துரு நீக்கும் ஸ்பிரே முதலில் அழுக்கைக் கரைக்கும். பிறகு மிஞ்சும் எண்ணெய்ப் படலம் மறுபடி தூசியை இழுக்கும். ஸ்பிரேயால் கழுவி, நன்றாக உலரவிட்டு, கொஞ்சமாகக் கிராஃபைட் தூள் போடுவதே மேல். கொஞ்சமாக என்பது முக்கியம். கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும், பூட்டுக்கு அடியிலேயே சுவிட்சின் முனைகள் இருக்கின்றன. சாவித் துளை வானம் பார்த்து இருக்கும் பழைய பைக்குகளில் மழைநீர் நேரே உள்ளே இறங்கும். கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் சேர்ந்து, துத்தநாகக் கலவையில் வார்த்த உருளையின் மீது வெள்ளைப் பொடி பூக்கும். அங்கெல்லாம் மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை சுத்தம் செய்வது நல்லது.

சாவி: எதைப் பார்த்து வெட்டுவது?

டூப்ளிகேட் போடுவதில்தான் பெரும்பாலான பணம் வீணாகிறது. சாவிக் கடையின் எந்திரம், கொடுத்த சாவியின் இன்றைய உருவத்தை அப்படியே படியெடுக்கும். தேய்ந்த மேட்டைத் தேய்ந்தபடியே வெட்டும். தன் பங்குக்குச் சிறு பிசகையும் சேர்க்கும். பளபளவென்று புதிய சாவி கையில் இருக்கும், இடறல் போகாது. அந்த நகலிலிருந்து இன்னொரு நகல் எடுத்தால் நிலைமை மேலும் மோசமாகும். தினசரிச் சாவியைக் கொடுத்து டூப்ளிகேட் கேட்காதீர்கள் என்பதுதான் இந்த அலசலில் நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது.

பீரோச் சாவி இருந்தால் அதைக் கொடுத்து வெட்டச் சொல்லுங்கள். வெட்டிய சாவியைத் தினமும் பயன்படுத்திவிட்டு, மூலச் சாவியைத் திரும்பப் பீரோவிலேயே வையுங்கள். அது இனிமேல் வரப்போகும் சாவிகளுக்கெல்லாம் அளவுகோல். அதைத் தொலைக்கக் கூடாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. வண்டி திருடுபோனால், இழப்பீடு தருமுன் காப்பீட்டு நிறுவனங்கள் பொதுவாக இரண்டு அசல் சாவிகளையும் கேட்கின்றன. தேய்ந்த அசல் சாவியையும் இதற்காகவே பத்திரப்படுத்த வேண்டும்.

இரண்டாவது சாவி இல்லாதவர்களுக்கு எண் வழி இருக்கிறது. பல வண்டிகளுக்குச் சாவியுடன் ஒரு சிறு உலோகத் தகட்டில் எண் பொறித்துக் கொடுத்திருப்பார்கள். சிலவற்றில் சாவியின் மீதே இருக்கும். அந்த எண்ணைக் கொண்டு, தொழிற்சாலையில் வெட்டிய ஆழத்திலேயே புதிய சாவி பெற முடிந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. கார்களுக்கு இது கைகூட வாய்ப்பு உண்டு. சாதாரண பைக்குகளுக்குப் பெரும்பாலும் லாக் செட்டாகத்தான் வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள்.

எண்ணும் இல்லை என்றால், நல்ல பூட்டுத் தொழிலாளியின் கை தேவை. தேய்மானம் ஒரே திசையில்தான் போகும்: மேடு குறையும், கூடாது. அளவுகள் அரை மில்லிமீட்டர் படிகளில் இருப்பதால், வெர்னியர் என்ற நுண் அளவுகோலை வைத்து ஒவ்வொரு வெட்டையும் அளந்து, அடுத்த உயரமான படிக்கு ஏற்றி வெட்டினால் சாவி பிறந்தபோது இருந்த உருவம் கிடைத்துவிடும். மாருதி 800 போன்ற கார்களில் இன்னொரு சாட்சியும் உண்டு. இடது பக்கக் கதவை வெளியிலிருந்து சாவி போட்டுத் திறப்பவர்கள் மிகக் குறைவு. அந்தப் பூட்டுக்குள் இருக்கும் தகடுகள் ஏறக்குறையப் புதிதாகவே இருக்கும். அதைக் கழற்றிப் பார்த்து வெட்டலாம். சில கார்களில் கதவுப் பூட்டில் ஒன்றிரண்டு தகடுகள் குறைவு. அந்த வெட்டுகளை மட்டும் பழைய சாவியிலிருந்து அளந்துகொள்ள வேண்டும்.

பிற்காலக் கார்களில் சாவித் தலைக்குள் ஒரு சிப் இருக்கும். வெட்டு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அது இல்லாமல் எஞ்சின் ஓடாது. பழைய சாவி கையில் இருக்கும்போது, அதன் சிப்பைப் புதிய சாவியின் தலைக்குள் மாற்றிவிடுவது பல சமயங்களில் போதும்.

பூட்டு: அராவுவதா, தகடு மாற்றுவதா, முழு செட்டா?

பூட்டுதான் தேய்ந்தது என்று உறுதியானால் மூன்று வழிகள். மிக மலிவானது அராவுவது. உருளையை வெளியே எடுத்து, பழைய சாவியை நுழைத்து, எந்தத் தகடு வெளியே நீட்டுகிறதோ அதை அரத்தால் தேய்த்துச் சமமாக்குவார்கள். சிலர் ஒன்றிரண்டு தகடுகளையே தூக்கி எறிந்துவிடுவார்கள். பத்து நிமிட வேலை, சாவியும் அருமையாகத் திரும்பும். வாடிக்கையாளர் மனநிறைவோடு போவார். ஆனால் பூட்டின் காவல் எவ்வளவு குறைகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு வகை ஆழம், ஆறு தகடுகள் என்றால் ஏட்டளவில் 4,096 விதமான சாவிகள். இரண்டு தகடுகளை எடுத்துவிட்டால் மிஞ்சுவது 256. அராவப்பட்ட தகடு எடுக்கப்பட்ட தகட்டைப் போலக் காணாமல் போவதில்லை. ஆனாலும் தன் சாவிக்கும் பக்கத்து வண்டிச் சாவிக்கும் வேறுபாடு பார்க்கும் திறனை இழந்துவிடுகிறது. ரயில் நிலைய வண்டி நிறுத்தத்தில் நாள் முழுதும் நிற்கும் பைக்குக்கு இதைச் செய்து கொடுப்பது அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் அநியாயம். சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய வண்டியாக இருக்கும்.

இதற்கு நேர் மாறானது தகடு மாற்றுவது. பல பூட்டுகளில் தகட்டின் மீதே அதன் உயர எண் பொறிக்கப்பட்டிருக்கும். தேய்ந்ததை எடுத்துவிட்டு அதே எண்ணுள்ள நல்ல தகட்டைப் போட்டு, ஸ்பிரிங்குகளையும் மாற்றி, சரியான அளவில் வெட்டிய சாவியைக் கொடுத்தால் பூட்டு பழைய நிலைக்கு வந்துவிடும். கார் என்றால் கதவு, டிக்கி எல்லாவற்றுக்கும் ஒரே சாவியே தொடரும். பொறுமை வேண்டிய வேலை என்பதால் எல்லாரும் ஒப்புக்கொள்வதில்லை. தகடுகள் தனியாகக் கிடைக்காதபோது அதே வகைப் பழைய பூட்டு ஒன்றை வாங்கி அதிலிருந்து எடுப்பார்கள். சென்னை புதுப்பேட்டையில் பழைய பூட்டு வாங்கினால் இந்தப் பயனுக்கு வாங்குங்கள். அதை அப்படியே வண்டியில் மாட்டுவதில் பயன் இல்லை. அதுவும் உங்கள் பூட்டைப் போலத் தேய்ந்ததாக இருக்கலாம், அதன் சாவி இன்னும் எத்தனை பேரிடம் இருக்கிறதோ தெரியாது.

மூன்றாவது, புதிய லாக் செட். தினசரி ஓடும் பைக்குக்கு நான் இதையே தேர்ந்தெடுப்பேன். இக்னிஷன், பெட்ரோல் டேங்க் மூடி, பக்கவாட்டு மூடி ஆகியவற்றின் பூட்டுகள் ஒரே சாவியோடு சேர்ந்து வருகின்றன, விலையும் தாங்கக்கூடியது. தகடு மாற்றும் கூலியோடு ஒப்பிட்டால் பெரிய வேறுபாடு இருக்காது. வண்டி நிறுவனத்தின் அசல் செட்டாகப் பார்த்து வாங்குவது நல்லது. இக்னிஷன் பூட்டை மட்டும் மாற்றிக்கொண்டு டேங்குக்குப் பழைய சாவியை வைத்திருப்பவர்கள், பெட்ரோல் பங்கில் நிற்கும் ஒவ்வொரு முறையும் அந்தச் சிக்கனத்தை நினைத்து வருந்துகிறார்கள்.

பழைய காருக்கு என் தேர்வு தகடு மாற்றுவது. அம்பாசிடர், மாருதி 800 இரண்டின் உற்பத்தியும் 2014-இல் நின்றுவிட்டது. அசல் பூட்டு கையில் இருக்கும்போது அதைத் தூக்கி எறிய மனம் வரக் கூடாது. காரில் ஒரு விஷயத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பல கார்களில் சாவியை ஒரு குறிப்பிட்ட நிலைக்குத் திருப்பினால்தான் உருளையை வெளியே எடுக்க முடியும். சாவி அடியோடு திரும்பாமல் போய்விட்டால் துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும். ஸ்டீயரிங் லாக்கை மொத்தமாகக் கழற்றலாம் என்றால், அதன் போல்ட்டுகள் திருடனுக்காகவே தலை முறித்து விடப்பட்டவை, ஸ்பேனர் பிடிக்காது. சாவி இன்னும் திரும்பிக்கொண்டிருக்கும் காலத்தில் அரை நாளில் முடியும் வேலை, நின்றுபோன பிறகு வண்டியை இழுத்துப்போகும் செலவோடு சேர்ந்து வரும்.

பொத்தான் பற்றிச் சுருக்கமாக. பூட்டை ஒதுக்கிவிட்டு வெளியிலிருந்து வாங்கிய புஷ் ஸ்டார்ட் பொருத்துவதற்கு, ஸ்டீயரிங் லாக்கைக் கழற்றவோ செயலிழக்கச் செய்யவோ வேண்டும். அதைச் சரியாகச் செய்யாவிட்டால், ஓடும்போதே ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. சரியாகச் செய்தால் வண்டிக்கு இருந்த ஒரு காவல் போய்விடுகிறது. பழைய கார்களில் இக்னிஷன் சுவிட்ச் வழியாக ஓடும் மின்னோட்டமும் குறைவானதல்ல. மெல்லிய கம்பியில் முறுக்கி ஒட்டிய இணைப்பு சூடாகும். சில நூறு ரூபாய்த் தகட்டுக்குப் பதிலாக இவ்வளவு ஆபத்தை ஏற்பது எந்தக் கணக்கிலும் சரியில்லை.

எந்த வழியை எடுத்தாலும் சாவிக்கொத்தின் கனத்தைக் குறையுங்கள். வீட்டுச் சாவி, கடைச் சாவி, பித்தளைப் பிள்ளையார் எல்லாம் சேர்ந்து தொங்கினால், ஒவ்வொரு குழியிலும் அந்தக் கொத்து உருளையை அடிக்கிறது. கனம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அமெரிக்காவில் நடந்த ஒன்று காட்டியது. 2014-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஷெவர்லே கோபால்ட் உள்ளிட்ட சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. அவற்றின் இக்னிஷன் சுவிட்சின் பிடிப்பு தொடக்கத்திலிருந்தே தளர்வாக இருந்தது. கனமான சாவிக்கொத்தோடு ஒரு குலுங்கல் சேர்ந்தால் போதும், சாவி பின்னுக்குத் திரும்பி எஞ்சின் அணைந்துவிடும். மோதினால் காற்றுப்பையும் விரியாது. நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதி 124 மரணங்களுக்கான கோரிக்கைகளை ஏற்றது. அது வடிவமைப்புக் குறை, தேய்மானம் அல்ல. ஆனால் பழுது நீக்கும் வரை உரிமையாளர்களுக்கு அந்த நிறுவனம் சொன்ன அறிவுரை, வளையத்தில் கார்ச் சாவியைத் தவிர எதையும் மாட்டாதீர்கள் என்பதுதான். தேய்ந்த பூட்டுள்ள வண்டிக்கும் அது அப்படியே பொருந்தும்.

பழைய வண்டியை இன்னொருவரிடமிருந்து வாங்கியவர்களுக்கு மட்டும் மேலே சொன்ன தேர்வு மாறும். விற்றவர் ஒரே ஒரு சாவியைக் கொடுத்து மற்றது தொலைந்துவிட்டது என்று சொன்னால், பூட்டு நன்றாகத் திரும்பினாலும் அதை மாற்றிவிடுங்கள். பைக் என்றால் புதிய செட். கார் என்றால் இருக்கும் தகடுகளையே வேறு வரிசையில் அடுக்கி, அதற்கேற்பப் புதுச் சாவி வெட்டச் சொல்லலாம். பழைய சாவி எவரிடம் இருந்தாலும் செல்லாது. கதவுப் பூட்டுகளையும் அதே வரிசைக்கு மாற்றச் சொல்லுங்கள். புதிய செட்டுடன் எண் தகடு வந்தால் அதைச் சாவி வளையத்தில் விடாமல் கழற்றி, ஆர்.சி. வைத்திருக்கும் இடத்தில், இரண்டாவது சாவியோடு சேர்த்து வையுங்கள்.